கோப்ளினைக் கண்டதும் வாளை உருவ வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருந்து வந்த பெரியப்பா மகன், 1981-இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக (கேரக்டர்) பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். இன்றைய விதிகளில் விளையாடிப் பழகிய அக்கா பிள்ளைகளுக்கு நான் அதை நடத்தினேன். கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களைக் கண்டதும் சண்டை தொடங்கியது. அரை மணி நேரத்தில் இரண்டு கேரக்டர்கள் இறந்தன. பிள்ளைகள் முகம் வாடி எழுந்துவிட்டார்கள். விதி தவறா, நான் தவறா? புதிய விதி நூல்கள் மூன்றையும் வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர்.

பதில்: விதியில் தவறில்லை. "கண்டதும் சண்டை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அன்று ஆட்டத்தின் நோக்கம், பாதாளத்துக்குள் இறங்கிப் புதையலோடு உயிருடன் திரும்புவது. உங்கள் பெட்டியின் விதிப்படி, வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி கிடைக்கும். ஒரு கோப்ளினைக் கொன்றாலோ குழு முழுவதற்கும் சேர்த்து ஐந்தே புள்ளிகள். போர்வீரர் இரண்டாம் நிலைக்குச் செல்ல 2,000 புள்ளிகள் தேவைப்படும்போது, சண்டை நஷ்டக் கணக்குதான். முதல் நிலை மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடையில் விழும் எண்ணே ஹிட் பாயிண்ட், அதாவது தாங்கக்கூடிய அடியின் அளவு. அது பூஜ்யமானால் மரணம்.

அதனால்தான் எதிரியைச் சந்தித்தவுடன் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டச் சொல்கிறது அந்நூல். கூட்டுத்தொகை 2 வந்தால் மட்டுமே உடனடித் தாக்குதல் உறுதி. 6 முதல் 8 வரை வந்தால் எதிரி குழம்பி நிற்பார். 12 வந்தால் நட்பு. சண்டை மூண்ட பிறகும் எதிரிகள் தைரியம் இழந்து ஓடுகிறார்களா என்று பார்க்கத் தனிப் பகடை உண்டு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்ற விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் கொலைக்களம்.

1984-இல் இந்த விளையாட்டுக்கான 'டிராகன்லான்ஸ்' என்ற சாகசத் தொடர் வந்தபின், நாயகர்களின் கதையை நடத்திச் செல்லும் பாணி வலுப்பெற்றது. கதைக்கு நாயகன் வேண்டும் என்றால் அவன் எளிதில் சாகக் கூடாதல்லவா? 2014 விதிகளில் ஹிட் பாயிண்ட் பூஜ்யமானால் கேரக்டர் மயங்கிச் சாயும். தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டும். மூன்று முறை தோற்றால்தான் மரணம். உங்கள் பிள்ளைகள் எதிர்பார்த்தது இதைத்தான்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. பலர் கவனிப்பதில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன். பூஜ்யத்தைத் தொட்டபின் எஞ்சும் சேதம், கேரக்டரின் முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்த நொடியே மரணம். முழு அளவு 8, கையில் இருப்பது 3 என்று வையுங்கள். சேதம் 10 என்றால் எஞ்சுவது 7, மயக்கம்தான். சேதம் 11 என்றால் எஞ்சுவது 8, கேரக்டர் இறந்துவிடும். ஹிட் பாயிண்ட் குறைவாக இருக்கும் முதல் நிலையில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம்.

விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு மூன்று நூல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். தொடங்குவதற்குப் போதுமான அடிப்படை விதிகளைப் பதிப்பகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2014 நூலுக்கும் திருத்தப்பட்ட 2024 நூலுக்கும் ஒரே தலைப்பு வைத்து வாசகரைக் குழப்பியதும் அதே பதிப்பகம்தான். அந்தக் குழப்பத்தில் தேங்கிய பழைய பிரதிகளைத் தள்ளிவிடும் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். பழைய பெட்டிகளிலும் எச்சரிக்கை தேவை: நான் ஒருமுறை வாங்கிய பெட்டியில் பாதிப் பக்கங்கள் நகலெடுத்துச் செருகப்பட்டவை.

அடுத்த முறை, "பூஜ்யம் என்றால் மரணம், தங்கம்தான் புள்ளி" என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு கேரக்டர் தாள்கள் தயாராக இருக்கட்டும். கோப்ளின் எதிரே வந்ததும் அந்த இரண்டு பகடைகளையும் அவர்கள் கண்முன்னே உருட்டுங்கள்.