மாங்கூழ் ஆலை, பரிசல், நாகமரைப் படகு: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளுக்கு மாங்கூழ் ஆலையைக் காட்ட வேண்டும், ஒகேனக்கல்லில் பரிசலும் ஏற வேண்டும். இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. எப்போது கிளம்பலாம்?
– வாசகி, ஓசூர்

ஜூன் மாதத்தில் வாருங்கள். கூழுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் கிருஷ்ணகிரி ஆலைகளில் லாரி லாரியாக இறங்கும் காலம் அது. ஜூலை, ஆகஸ்ட் என்று தள்ளிப்போட்டால், கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்ததும் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். கிளம்பும் முன், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வருகிறது என்று அன்றைய செய்தியில் பாருங்கள். முந்தின நாளைவிட ஏறுமுகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஆலைக்குள் வெளியாட்களை விடுவார்களா? என்ன பார்க்கலாம்?
– வாசகர், காவேரிப்பட்டினம்

முன்கூட்டியே மேலாளரிடம் பேசி அனுமதி வாங்க வேண்டும். சும்மா போய் வாசலில் நின்றால் காவலாளியோடு சரி. பேசும்போது "இயந்திரம் எத்தனை மணிக்கு ஓடும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடையிடையே குழாய்களைக் கழுவ நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் போனால் ஈரத் தரையைத் தவிர வேறொன்றும் பார்க்க முடியாது.

காயாக வந்த மாங்காயைப் பழுக்கவைப்பதில் தொடங்கும் வேலை. இதற்கு எத்திலீன் வாயுதான், கார்பைடு கல்லுக்குச் சட்டப்படி தடை. பழுத்ததும் கழுவும் தொட்டி, அப்புறம் இருபுறமும் பெண்கள் நின்று அழுகலைப் பொறுக்கும் பெல்ட். இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். இரண்டு அழுகல் பழம் உள்ளே நழுவினால் அந்தத் தொகுதியின் மணமே கெடும். அதனால் இயந்திரத்தைவிட இவர்கள் கண்ணை நம்பித்தான் ஆலை ஓடுகிறது என்பேன்.

அடுத்தது கொட்டை நீக்கும் இயந்திரம். உருளைக்குள் துடுப்புகள் சுழன்று பழத்தைச் சல்லடையில் தேய்க்கும். கீழே மஞ்சள் கூழ் இறங்க, கொட்டை மறுமுனையில் நார் சிலிர்த்துக்கொண்டு வந்து விழும். கூழை இன்னும் மெல்லிய சல்லடையில் வடித்து, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆறவைத்து, கிருமி நீக்கிய பையில் காற்றுப் புகாமல் நிரப்புவார்கள். அந்தப் பை 200 லிட்டர் டிரம்முக்குள் போகும். குளிர்பதனம் இல்லாமலேயே மாதக்கணக்கில் கெடாது. தோல், கொட்டை, நார் எல்லாம் போக, பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான் கூழ்.

தரை வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். வளையல், மோதிரம், கடிகாரத்தை வண்டியிலேயே கழற்றி வையுங்கள். காம்புப் பால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், பச்சைக்காய்க் குவியலில் பிள்ளைகளைக் கைவைக்க விடாதீர்கள்.

பரிசல் கவிழுமா?
– வாசகர், அரூர்

கவிழும், யாராவது எழுந்து நின்றால். மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கும் தாருமாக மூடிய வட்டக்கூடை அது. படகுக்கு இருப்பதுபோல் அடியில் நீளக் கட்டை கிடையாது, ஏறுபவர்களின் எடைதான் அதற்குச் சமநிலை. எதிரெதிரே, தரையோடு உட்காருங்கள். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து. உயிர்காப்பு உடையின் கழுத்து வார் உட்பட எல்லாவற்றையும் மாட்டுங்கள். தலைசுற்றல் உள்ளவர் இருந்தால், பரிசலைச் சுழற்ற வேண்டாம் என்று ஓட்டுபவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒகேனக்கல்லிலிருந்து மேட்டூருக்கு நாகமரைப் படகில் போகலாம் என்கிறார்களே, கார் ஏறுமா?
– வாசகர், பாலக்கோடு

ஏறாது. பென்னாகரம், ஏரியூர் வழியாக, மேட்டூர் அணை நீர்ப்பரப்பின் கரையிலுள்ள நாகமரைத் துறை வரை காரில் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஆளும் இருசக்கர வாகனமும்தான் அக்கரையில் பண்ணவாடிக்குப் போகும். காரென்றால் தருமபுரி வந்து, தொப்பூர் கணவாய் இறங்கி, மேச்சேரி வழியாக மேட்டூர். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள்.

பைக்கில் வருவோர் கவனிக்க: அணை நீர் குறைந்தால் துறை உள்ளே தள்ளிப்போகும், நடுவே சேறு. ஒருவர் ஓட்ட, மற்றவர் இறங்கித் தள்ளுங்கள். படகில் ஏற்றியதும் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். காற்று பலமாக அடித்தால் படகு நிற்கும், மதியத்துக்குள் கடந்துவிடுவது உத்தமம். நீர் வெகுவாக வடிந்த ஆண்டென்றால், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலைகாட்டும். பகல் வெளிச்சம் இருந்தால் படகிலிருந்தே பார்க்கலாம்.