துளசி எண்ணெய் டிஸ்க்கைச் சுற்றித் தடுப்பு வட்டம் வராதது பற்றி

கிருமி பரப்பிய அகார் தட்டில் துளசி எண்ணெய் ஊறிய காகித டிஸ்க்கை வைத்தும், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் வரவில்லை என்கிறீர்கள். அதற்காக உங்கள் எண்ணெய் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தடுக்காது என்று எழுதிவிடாதீர்கள். அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் அதில் சரியாகப் பரவாது, டிஸ்க்கிலேயே தங்கிவிடும். கொஞ்சம் ஆவியாகியும் போகும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் அகாருக்குப் பதில், கிருமி வளரும் திரவ ஊடகத்தில் 0.5% ட்வீன் 80 (எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் பொருள்) சேர்த்து, எண்ணெய் அளவைப் பாதிபாதியாகக் குறைத்துச் சோதியுங்கள். ட்வீனே கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க, எண்ணெய் இல்லாமல் ட்வீனும் கிருமியும் மட்டும் உள்ள குழாய் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கிருமி வளர்ந்தால் திரவம் கலங்கும்; ஆனால் எண்ணெயே கலங்கலாகத் தெரியும், அதனால் கண்ணை நம்ப வேண்டாம். அடைகாத்த பிறகு ரெசசூரின் என்ற நீலச் சாயத்தை விடுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி உயிரோடு இருக்கிறது.

அப்புறம், எல்லாத் துளசி எண்ணெயிலும் யூஜினால் என்ற சேர்மம் மிகுந்திருக்காது. சிலவற்றில் மெத்தில் யூஜினால்தான் அதிகம். எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் எவ்வளவு என்று காட்டும் ஜிசி-எம்எஸ் சோதனை பார்க்காமல் பிறர் முடிவோடு ஒப்பிடாதீர்கள்.