புளூபெர்ரி இலைகள் மஞ்சளாகின்றன, மண்ணில் வினிகர் ஊற்றலாமா?

வினிகர் வேண்டாம். ஓரிரு வாரத்திலேயே அதன் புளிப்பு போய்விடும், அதிகமானால் வேரும் கருகும். இலையின் நரம்புகள் பச்சையாகவே இருந்து இடையில் மட்டும் மஞ்சளா? அப்படியானால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான்; மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை கூடினால் வேரால் அதை எடுக்க முடியாது.

புளூபெர்ரிக்கு பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை வேண்டும். பிஎச் 6.5 உள்ள மண், 5.5 உள்ளதைவிடப் புளிப்பில் பத்து மடங்கு குறைவு, அதனால்தான் ஒரு புள்ளி இறக்குவதற்கே அவ்வளவு பாடு. இந்தச் செடிக்குப் புளிப்பு மண் அவசியம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் (Coville) 1910-இல் எழுதிய பிறகுதான் நியூ ஜெர்சியில் இதைப் பயிராக்கவே முடிந்தது.

மண்ணின் பிஎச்சை இறக்கக் கந்தகத்தூள் போடுங்கள். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல மெல்ல அமிலமாக்கும், அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், ஆகவே நடுவதற்கு ஆறு மாதம் முன்பே கலந்துவிடுவது நல்லது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டாதீர்கள்.

அதற்கு முன் ஒரு பிடி காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள் (வினிகருக்கு இங்கேதான் வேலை). நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, எவ்வளவு கந்தகம் போட்டாலும் தின்றுவிடும். அப்புறம் தொட்டிதான் வழி: பீட் மாஸும் (சதுப்புநிலப் பாசி மக்கு) பைன் பட்டைத்தூளும் கலந்து நிரப்புங்கள். உரத்துக்கு அம்மோனியம் சல்பேட், கொஞ்சமாக. உப்பு படியும் போர்வெல் தண்ணீர் மறுபடி பிஎச்சை ஏற்றிவிடும், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.