ஆம்புலன்ஸில் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் யார்?

(பதினேழு வருஷம் ஆம்புலன்ஸின் பின்பக்கம் இருந்து, இப்போது அதே வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: போன மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குத் தனியார் ஆம்புலன்ஸ் பிடித்தோம். "கூட டெக்னீஷியன் வருவார்" என்று தனியாக 1,500 ரூபாய் வாங்கினார்கள். சாத்தூர் தாண்டியதும் அப்பா வாந்தி எடுத்தார். அந்தப் பையன் மிரண்டுபோய் என் முகத்தைப் பார்த்தான். டிரைவருக்கு மச்சினன் என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. இப்படி ஆளை ஏற்றலாமா? யாரிடம் போய்க் கேட்பது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே அம்மா. பேச்சு திரும்பிவிட்டதா?

அந்த வாந்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டை சரியாக விழுங்காது. மல்லாக்கப் படுத்தபடி வாந்தி எடுத்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் இருப்பதைச் சக்ஷன் (உறிஞ்சு கருவி) போட்டு எடுக்க வேண்டும். இது என் வகுப்பில் முதல் வாரப் பாடம். அந்தப் பையனுக்கு அதுவும் தெரியவில்லை என்றால், நீங்கள் கொடுத்த 1,500 ரூபாய் மச்சினனின் பஸ் செலவுக்குத்தான் போயிருக்கிறது.

அந்த வண்டியில் எதற்கெல்லாம் காகிதம் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். வண்டிக்கு ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ். டிரைவருக்கு லைசென்ஸ். ஆக்சிஜன் சிலிண்டருக்குக்கூட அதன் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். பெர்மிட் மட்டும் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு ஆம்புலன்ஸுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தரவிதியே இருக்கிறது. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. பி வகை நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும். சி வகையில் அடிப்படை உயிர்காப்பு வசதி இருக்க வேண்டும், டி வகையில் மேல்நிலை வசதி. உங்கள் அப்பாவை ஏற்றியது பி வகை வண்டியாக இருந்து, டி வகைக்குப் பில் போட்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இத்தனைக்கும் காகிதம் கேட்கிற நாட்டில், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல்தான் பல வருஷம் ஓட்டிவிட்டோம். டாக்டருக்குக் கவுன்சில் உண்டு, நர்ஸுக்கு உண்டு, மருந்தாளுநருக்கும் உண்டு. எங்களுக்கு 2021-இல்தான் சட்டம் வந்தது: துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்று எங்கள் வேலைக்குப் பெயர் இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு மன்றம், அதற்கு ஒரு பதிவேடு. அதில் பெயர் இல்லாதவர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டால் தண்டனை. சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியும் வேலை நகரவில்லை என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இரண்டு மாதம் கெடு வைத்தது. நம் ஊரில் சட்டம் கெசட்டுக்கு வருகிற வேகம் ஒன்று, அங்கிருந்து ரோட்டுக்கு வருகிற வேகம் இன்னொன்று.

பதிவேடு என்றதும் பலர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிற சான்றிதழை நினைக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு பெயரை ஏற்ற ஓர் இடம் இருந்தால்தான் அதை அடித்து நீக்கவும் முடியும். இன்று அந்த மச்சினன் மீது புகார் வந்தால் ஓனர் என்ன செய்வார்? "நாளையிலிருந்து வராதே" என்பார். அவன் பக்கத்து ஸ்டாண்டில் இன்னொரு வண்டியில் ஏறிக்கொள்வான்.

இப்போது நீங்கள் செய்யக் கூடியது. வண்டி ஏதாவது ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் என்றால் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு, அதாவது ஜே.டி. ஆபீஸுக்கு, எழுதுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களுக்குப் பதிவு கொடுக்கிற இடம் அது. தனி ஆள் வண்டி என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இரண்டிலும் "டெக்னீஷியன்" என்று தனியாகப் பணம் வாங்கிய ரசீது கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை (வர வேண்டாம், வந்தால்) வண்டி கிளம்பும் முன் இரண்டே கேள்வி: "கூட வருபவர் என்ன படித்தார், எங்கே பதிவு?" முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தனி லைசென்ஸ் உண்டா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், அது வாடகை வண்டியாக இருந்தாலும் சரி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 108-இல் ஆள் எடுக்கும்போது மட்டும் பைலட்டுக்கு (அங்கே டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) 162.5 சென்டிமீட்டர் உயரம் கேட்பார்கள். சுவரோரம் நிறுத்தி அளக்கும்போது குதிகாலைத் தூக்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: அண்ணா, நான் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி இரண்டாம் வருஷம். இந்தப் புதுச் சட்டத்தால் எனக்கு என்ன லாபம்? சீனியர்கள் "பேப்பர் வேலைதான்" என்கிறார்கள்.
– மாணவி, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, லாபம் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டம் படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறது. துணைநிலை வல்லுநர் என்று பெயர் வாங்கக் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதார வல்லுநர் என்றால் 3,600. இரண்டு மாதக் கோர்ஸ் முடித்துக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவரும் நீயும் ஒரே சம்பளத்துக்கு வரிசையில் நிற்கிற நிலை மாற வேண்டுமென்றால், அந்த மணிக்கணக்கு பதிவேட்டில் ஏற வேண்டும்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது: இன்டர்ன்ஷிப் லாக்புக்கை ஒழுங்காக எழுது. தேதி, வார்டு, எத்தனை ஐ.வி. லைன், எத்தனை சி.பி.ஆர்., யார் பக்கத்தில் இருந்தார், அவர் கையெழுத்து. கடைசி வாரத்தில் ஒரே நீலப் பேனாவில் ஒரு வருஷத்தை எழுதி முடிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

கேள்வி: அமெரிக்காவில், நியூஜெர்ஸி மாநிலத்து எடிசன் ஊரில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸ் டெக்னீஷியன்) ஆனாள். மேற்படிப்புக்கு டெக்சஸ் போகிறாள். அங்கே வாரக் கடைசியில் இதே வேலை பார்க்க முடியுமா? நேஷனல் ரெஜிஸ்ட்ரி கார்டு வைத்திருக்கிறாள். "நேஷனல்" என்றால் நாடு முழுக்கச் செல்லும்தானே?
– ஒரு தந்தை

பதில்: அந்தப் பெயரைப் பார்த்து அங்கேயே பிறந்தவர்களும் ஏமாறுவார்கள் சார். நேஷனல் ரெஜிஸ்ட்ரி 1970-இல் தொடங்கிய ஓர் அமைப்பு. தேர்வு வைக்கும், தேறினீர்கள் என்று சான்று தரும். நோயாளி மேல் கை வைக்க அனுமதி தருவது மாநிலம். மகள் தேறியவள் என்பதற்கு ரெஜிஸ்ட்ரி சாட்சி. உள்ளே விடுவதா என்று முடிவெடுப்பது டெக்சஸ்.

மாநிலங்களுக்கு இடையே ஈ.எம்.எஸ். காம்பாக்ட் என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. சேர்ந்திருக்கிற ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் இருந்தால், சேர்ந்திருக்கிற மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம். டெக்சஸ் அதில் இருக்கிறது, நியூஜெர்ஸி இல்லை. ஆகவே மகளுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. ரெஜிஸ்ட்ரி கார்டைக் காட்டி, டெக்சஸ் சுகாதாரத் துறையில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையும் முடிக்க வேண்டும். டெக்சஸ் சான்று நான்கு வருஷம் செல்லும். ரெஜிஸ்ட்ரி கார்டை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, 40 மணி நேரப் படிப்புக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். டெக்சஸ் சான்று வந்துவிட்டதே என்று அதைக் காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொரு மாநிலம் போகும்போது அந்தக் கார்டைத்தான் கேட்பார்கள்.

அமெரிக்காவிலும் இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1960-களில் அங்கே பாதி ஆம்புலன்ஸை ஓட்டியவர்கள் சவ அடக்கம் செய்கிற கடைக்காரர்கள். ஆளைப் படுக்கவைக்கிற மாதிரி நீளமான வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. 1966-இல் தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை போட்டுத் தலையில் குட்டிய பிறகுதான் பயிற்சி, தேர்வு, மாநில அனுமதி என்று ஒவ்வொன்றாக வந்தன.

லைசென்ஸ் இருந்தால் தப்பே நடக்காது என்று மகள் நினைத்தால் கொலராடோவின் அரோரா கதையைச் சொல்லுங்கள். 2019 ஆகஸ்டில் எலைஜா மெக்லெய்ன் என்ற 23 வயதுப் பையன் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்துவந்தான். போலீஸ் மறித்துக் கழுத்தை இறுக்கியது. வந்த பாராமெடிக்குகள் (ஈ.எம்.டி.க்கு மேல்படிப் பயிற்சி பெற்றவர்கள்) 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தை ஏற்றினார்கள். பையன் எடை 65 கிலோதான். அந்த எடைக்கு அது மிக அதிகம். சில நாளில் இறந்துபோனான். ஊசி போட்டவர்கள் முறையாகத் தேறி, சான்று வாங்கியவர்கள். கிளர்ச்சியில் இருப்பவரை அடக்கக் கெட்டமைன் போடலாம் என்று அவர்கள் துறைக்கு மாநிலமே சிறப்பு அனுமதி கொடுத்திருந்தது! மேற்பார்வை பார்க்க வேண்டியவர்கள் கொடுத்த ஓட்டை வழியாகத்தான் அந்த மருந்து போனது. 2021-இல் கொலராடோ சட்டம் போட்டு அதை இறுக்கியது. 2023 டிசம்பரில் இரண்டு பாராமெடிக்குகளையும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. எங்கள் வேலையில் அதற்குமுன் அப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. எடையைக் கண்ணால் மதிப்பிடும்போது இன்றும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறான்.

கேள்வி: அம்மாவுக்கு நெஞ்சுவலி. வந்த ஆம்புலன்ஸில் இருந்த பெண் ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டே இருந்தாள். பயிற்சி பெற்றவள் என்றால் தானே கொடுக்க வேண்டியதுதானே?
– வாசகர், தேனி

பதில்: அந்தப் பெண் சரியாகத்தான் செய்திருக்கிறாள். போனில் இருந்தவர் பெரும்பாலும் கட்டுப்பாட்டு மையத்து டாக்டர். பி.பி. எவ்வளவு, அல்சர் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு அவர் சொன்ன பிறகே அவள் கொடுக்கலாம். எங்கள் கை அவர் வாய்க்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவிலும் பாராமெடிக்குக்கு மேலே ஒரு டாக்டர் உண்டு, அவர் எழுதிக் கொடுத்த எல்லைக்குள்தான் வேலை. போனே பேசாமல் சட்டென்று ஊசி எடுத்திருந்தால் நீங்கள் பயந்திருக்க வேண்டும்.

கேள்வி: மாதா மாதம் பதிவு, லைசென்ஸ் என்று எழுதுகிறீர்களே, நீங்கள் வண்டியில் போன காலத்தில் உங்களிடம் இருந்ததா?
– வாசகர், சிவகாசி

பதில்: இல்லை. லேமினேட் செய்த அடையாள அட்டையும் ஒரு பயிற்சிச் சான்றிதழும் இருந்தன.

முதல் வருஷம் ஓர் ஆஸ்பத்திரி வண்டியில் இருந்தேன். காலையில் ஷிப்ட் ஏறினால் சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்து பிரஷரைப் பார்த்துச் செக்லிஸ்ட்டில் எழுத வேண்டும். அன்றைக்குத் தாமதமாகப் போனேன். முந்தின ஷிப்ட் எழுதிய எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூச்சுத் திணறலுடன் ஒரு பெரியவர். பாதி வழியில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மிச்ச தூரம், கையால் மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே போனேன். டிரைவர் அண்ணன் மிதித்த மிதியில் பெரியவர் பிழைத்தார்.

யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது அவருடைய மகன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த நாள் காலை வந்து சிலிண்டரை மாற்றி, செக்லிஸ்ட்டில் சரியான எண்ணை எழுதினேன். முந்தின நாள் எழுதிய பொய்யான எண் அதே தாளில் மேல் வரிசையில் என் கையெழுத்தோடு இருந்தது. மாதக் கடைசியில் அந்தத் தாளைப் பழைய பேப்பரோடு கட்டிப் போட்டுவிட்டார்கள்.