வாசகர் கேள்வி: 36 துண்டுகள், ஒரே விம்பம்

கேள்வி: ஹவாயிலுள்ள கெக் தொலைகாட்டியின் ஆடி 36 துண்டுகளால் ஆனது என்கிறார்கள். உடைந்த கண்ணாடியில் முகம் சிதறித் தெரிகையில், அங்கே மட்டும் ஒரே விம்பம் கிடைப்பது எவ்வாறு?
– உயர்தர மாணவி, ஹற்றன்

பதில்: உடைந்த துண்டுகள் வெவ்வேறு திசைகளை நோக்குவதாலேயே முகம் சிதறுகிறது, அவற்றை ஒரே வளைபரப்பில் நிறுத்தினால் விம்பமும் ஒன்றாகும். 10 மீற்றர் அகலமான ஒற்றை ஆடி தன் பாரத்தாலேயே வளைந்துவிடும் என்பதால், வானியலாளர் ஜெரி நெல்சன் 1.8 மீற்றர் அகலமும் 7.5 சென்ரிமீற்றர் தடிப்புமுடைய அறுகோண ஆடிகளை இணைக்கும் வழியை வகுத்தார். இத்துண்டுகள் தனித்தனியே சமச்சீரற்றவை, நேரடியாக மெருகிடக் கடினமானவை. ஆகவே ஓரங்களில் கணக்கிட்ட விசை கொடுத்து வளைத்து, எளிய கோளப் பரப்பாக மெருகிட்டு, விசையை நீக்கியதும் வேண்டிய வடிவம் தானே வெளிப்படச் செய்தனர். இவ்வழியின் அழகு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

பொருத்திய பின்னர், ஒரு விண்மீனை நோக்கி, துண்டுகள் தரும் 36 தனி விம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொணர்ந்து, உயர வேறுபாடுகளையும் நீக்குவர். அந்த ஒழுங்கு குலையாதிருக்க, விளிம்புகளிலுள்ள 168 உணரிகள் அயல் துண்டுகளிடையே ஏற்படும் நகர்வை அளக்க, துண்டுக்கு மூன்றாக அமைந்த, அவற்றை அசைக்கும் இயக்கிகள் செக்கனுக்கு இரு தடவை நனோமீற்றர் அளவில் திருத்துகின்றன. நம் பீதுருதலாகலை மலையை அடிக்கடி மூடும் முகில், 4,000 மீற்றருக்கு மேல் நிற்கும் அத்தொலைகாட்டிக்குப் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடுகிறது. 1990 நவம்பரில் 9 துண்டுகளுடனேயே முதல் ஒளி, அதாவது தொலைகாட்டியின் முதல் விம்பம், பெறப்பட்டது. 36ஆவது துண்டு 1992இல் பொருத்தப்பட்டது.