விளையாட்டு நிர்வாகப் படிப்பு: ஆசிரியர் பட்டியலை வைத்து எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: பி.காம். முடித்து ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன். விளையாட்டு நிர்வாகத்தில் முதுகலை படிக்க அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் ஆசிரியர்கள் எல்லோரும் பிஎச்.டி., ஆளாளுக்கு நீளமான கட்டுரைப் பட்டியல். இன்னொன்றில் பாதிப் பேர் அணிகளிலும் கல்லூரி விளையாட்டுத் துறைகளிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், பிஎச்.டி. கிடையாது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது? பின்னாளில் பேராசிரியர் ஆகலாமா என்ற ஆசையும் கொஞ்சம் உண்டு.
- ஒரு வாசகர், கோவை

பதில்: பிஎச்.டி. இல்லாதவர்கள் பாடம் நடத்துகிறார்களே என்று பயப்பட வேண்டாம். இந்தப் படிப்பு தொடங்கியதே தொழிலில் இருந்தவர்கள் கேட்டதால்தான். டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி 1957-ல் ஜேம்ஸ் மேசன் என்ற உடற்கல்விப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு அணியையோ மைதானத்தையோ நிர்வகிக்க ஆள் வேண்டுமென்றால் எந்தக் கல்லூரிக்குப் போவது என்பது அதில் இருந்த கேள்வி. அதற்கென்று பெயர்பெற்ற கல்லூரி அப்போது இல்லை. மேசன் பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 1966-ல் அங்கே இந்தத் துறையின் முதல் முதுகலைப் படிப்பு ஆரம்பமானது. 1971-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் பின்தொடர்ந்தது. ஆய்வாளர்களுக்கென்று வட அமெரிக்க விளையாட்டு மேலாண்மைச் சங்கம் வந்தது 1985-ல்தான். அதன் ஆய்விதழ் 1987-ல் தொடங்கியது. வேலை தெரிந்தவரும் ஆய்வு தெரிந்தவரும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலில் பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, பெயருக்குக் கீழே இருக்கும் பதவியை முதலில் பாருங்கள். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று முன்னொட்டு ஏதும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது டென்யூர் பாதை. அந்தப் பாதையில் வந்தவருக்குப் பணி நிரந்தரமா இல்லையா என்பது சுமார் ஆறாவது ஆண்டில் முடிவாகும். ஆய்வுக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்றால் அதற்குள் நல்ல இதழ்களில் போதுமான கட்டுரைகள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்ட இடங்களில் வேலையை நூற்றுக்கு 40 ஆய்வு, 40 கற்பித்தல், 20 துறைப் பணி என்று பிரிப்பது வழக்கம். உங்களுக்கு இதில் ஆதாயமும் உண்டு, இடைஞ்சலும் உண்டு. உதவிப் பேராசிரியர் ஆய்வுக்குக் கைகொடுக்க மாணவர்களைத் தேடிக்கொண்டே இருப்பார், ஆர்வம் காட்டினால் சேர்த்துக்கொள்வார். ஆனால் உங்களுக்கு இன்டர்ன்ஷிப் பிடித்துத் தர நாலு பேருக்குப் போன் போட அவருக்கு நேரமும் இருக்காது, அதற்காக அவருக்கு மதிப்பெண் போடப்போவதும் இல்லை.

‘கிளினிக்கல்’, ‘டீச்சிங்’, ‘பிராக்டிஸ்’ என்ற சொற்கள் பதவியோடு ஒட்டியிருந்தால் அவர் டென்யூர் பாதைக்கு வெளியே இருப்பவர். கற்பிப்பதுதான் அவருக்குப் பிரதான வேலை. தொழிலிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பதவிகளில்தான் இருப்பார்கள். இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பு, பழைய மாணவர் தொடர்பு எல்லாம் இவர்கள் பொறுப்பில் இருப்பதும் சகஜம். ‘விசிட்டிங்’ என்றிருந்தால் ஓரிரு வருட ஒப்பந்தம். நீங்கள் இரண்டாம் ஆண்டுக்கு வரும்போது அவர் இருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘அட்ஜங்ட்’ என்பது பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் பகுதி நேர ஆசிரியர். அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். பகலில் ஒரு அணியின் டிக்கெட் விற்பனையைப் பார்த்துவிட்டு மாலையில் அதையே பாடமாக நடத்துபவர், சில பாடங்களில் யாரையும்விட நன்றாகச் சொல்லித் தருவார்.

அடுத்து, அவர்கள் எதில் பட்டம் பெற்றவர்கள் என்று பாருங்கள். துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஒஹாயோவில் இது வணிகக் கல்லூரிக்குள் இருக்கிறது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல், சில்லறை வணிகத்தோடு சேர்ந்திருக்கிறது. மிச்சிகனில் உடலியக்கவியல் துறையில் இருக்கிறது. அந்த மிச்சிகன் துறையின் பெயர்பெற்ற பேராசிரியர்களில் ஒருவரான ஸ்டெஃபன் ஷிமான்ஸ்கி உடற்கல்விக்காரர் அல்ல, கால்பந்தின் பொருளாதாரத்தை ஆராயும் பொருளாதார வல்லுநர். விளையாட்டுச் சட்டம் நடத்துபவரிடம் பிஎச்.டி.க்குப் பதில் ஜே.டி. என்ற சட்டப் பட்டம் இருக்கும். அந்தப் பாடத்துக்கு அதுவே போதுமான தகுதி.

சட்ட ஆசிரியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிபுணத்துவத்துக்கும் காலாவதி உண்டு என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, வீரர்களுக்குப் படிப்புச் செலவுக்கு மேல் பணம் போகக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகப் பிடிவாதம் பிடித்தது. 2021 ஜூன் 21-ல் ஆல்ஸ்டன் வழக்கில், படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு அது வைத்திருந்த வரம்புகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பட்ஜெட், ஆள் சேர்ப்பு, பெண்கள் அணிகளுக்கான பங்கு, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் ‘டைட்டில் 9’ சட்டத்தோடு வரும் உரசல் என்று எல்லாக் கணக்கும் இதனால் மாறிவிட்டது. ஆகவே ஒருவரின் கடைசிக் கட்டுரையோ கடைசி வேலையோ 2021-க்கு முந்தையது என்றால், கல்லூரி விளையாட்டைப் பற்றி அவர் சொல்லித் தருவதில் கணிசமான பகுதி வரலாற்றுப் பாடம்தான். கல்லூரி விளையாட்டுத் துறைகளின் முன்னாள் இயக்குநர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். உங்கள் இரண்டாவது பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் எந்த ஆண்டு வேலையை விட்டார்கள் என்று அவசியம் பாருங்கள்.

நுகர்வோர் நடத்தை என்றொரு பிரிவு இருக்கிறது. ரசிகன் ஏன் டிக்கெட் வாங்குகிறான், ஏன் தோற்கிற அணியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அதில் ஆய்வு. ராபர்ட் சியால்டினி என்ற சமூக உளவியலாளர் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கெல்லாம் முன்னோடி. கல்லூரி அணி சனிக்கிழமை ஜெயித்தால் திங்களன்று எத்தனை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வருகிறார்கள் என்று வகுப்பறைகளில் எண்ணிப் பார்த்தார்கள். ஜெயித்த வாரங்களில் கூடுதல் பேர் வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது, ஜெயித்திருந்தால் ‘நாம்’ என்று சொல்வதும் அதிகமாக இருந்தது. சேப்பாக்கத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் தேவையில்லை, சரி. ஆனால் எவ்வளவு கூடுகிறது, யாரிடம் கூடுகிறது, அது ஜெர்சி விற்பனையாக மாறுமா என்று அளந்து சொல்ல ஆய்வாளர் தேவை. மார்க்கெட்டிங் பக்கம் போக நினைத்தால் இப்படி அளக்கத் தெரிந்த ஒருவரிடம் புள்ளியியல் கற்றுக்கொள்வது பின்னாளில் சோறு போடும்.

ஆய்வு நிபுணத்துவம் என்றால் என்ன என்பதற்கு நம்மூரிலிருந்து போன ஒருவரையே காட்டலாம். பாக்கியநாதன் செல்லதுரை, சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கனடாவுக்குப் போனவர். உங்களைப்போலவே கூடைப்பந்துக்காரர். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மை அறிவியலில் பிஎச்.டி. முடித்து, வெஸ்டர்ன் ஒன்டாரியோவிலும் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டிலும் பேராசிரியராக இருந்தார். பயிற்சியாளரின் தலைமை பற்றிய கேள்வியை அவர் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டார். சூழ்நிலை கேட்கும் நடத்தை, வீரர்கள் விரும்பும் நடத்தை, பயிற்சியாளர் உண்மையில் காட்டும் நடத்தை, இந்த மூன்றும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்கு ஆட்டமும் மனநிறைவும் நன்றாக இருக்கும் என்பது அவருடைய கோட்பாடு. அதை அளக்க 1980-ல் சாலே என்பவரோடு சேர்ந்து 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். பயிற்சியும் கட்டளையும், வீரர்களைக் கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, தனிப்பட்ட அக்கறை, பாராட்டு என்று ஐந்து நடத்தைகளை அது அளக்கிறது. அதை இன்றும் பல நாடுகளில் மொழிபெயர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வட அமெரிக்கச் சங்கம் தரும் ஏர்ல் சைக்லர் விருது பெற்றவர் அவர்.

எனவே ஒரு தன்விவரக் குறிப்பைத் திறந்தால் கட்டுரைகளின் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து ஆழமாகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் இ-ஸ்போர்ட்ஸ், அடுத்த வருடம் யோகா சுற்றுலா, அதற்கடுத்து ஸ்டேடியம் உணவு என்று தாவிக்கொண்டிருந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். எந்த இதழில் வந்தது என்பதும் முக்கியம். ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் ரிவ்யூ, யூரோப்பியன் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் குவார்ட்டர்லி ஆகிய மூன்றும் இத்துறையில் முன்வரிசை. மாநாட்டில் பேசியதையும் இதழில் வெளியானதையும் ஒன்றாகக் கலந்து நீட்டியிருக்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். மேற்கோள் எண்ணிக்கையை உங்கள் பொறியியல் நண்பரின் பேராசிரியரோடு ஒப்பிடாதீர்கள், இது சின்ன உலகம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, உடன் எழுதியவர்களின் பெயர்கள். அதில் அவருடைய மாணவர்கள் இருக்கிறார்களா? அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இன்னில் தேடினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தொழிலிலிருந்து வந்தவருக்கும் இதே சோதனைதான், கட்டுரைக்குப் பதில் ஆட்கள். பெரிய அணியின் பெயர் இருக்கிறதே என்று விழுந்துவிடாமல், அங்கே என்ன வேலை பார்த்தார் என்று பாருங்கள். டிக்கெட் விற்பனை, ஸ்பான்சர்ஷிப், விதிமுறைக் கண்காணிப்பு, மைதான இயக்கம் எல்லாம் தனித்தனி உலகங்கள். ஒன்றில் இருப்பவருக்கு இன்னொன்றில் அவ்வளவாகத் தொடர்பு இருக்காது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிகழ்ச்சி ஏற்பாட்டில் ஏற்கெனவே கை பழகியவர் நீங்கள். படித்து முடித்ததும் வேலைதான் குறி என்றால் இரண்டாவது பல்கலைக்கழகத்தை எடுங்கள், அங்கே இருப்பவர்கள் சமீபத்தில் தொழிலை விட்டவர்களாக இருந்தால் மட்டும். ஆனால் பேராசிரியர் ஆசை ‘கொஞ்சம்’ என்பதைத் தாண்டி நிஜமாகவே இருந்தால் முதலாவதுதான், அதிலும் ஆய்வேடு எழுத இடம் தரும் முதுகலையாகப் பாருங்கள். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது பேசுவது ஆய்வேடும், உங்களோடு வேலை செய்த ஒரு பேராசிரியரின் சிபாரிசுக் கடிதமும்தான். முதுகலைக்குப் பிறகு பிஎச்.டி. மூன்று நான்கு ஆண்டுகள், அப்புறம் உதவிப் பேராசிரியராக ஆறு ஆண்டுகள். பணி நிரந்தரம் ஆவதற்குள் நாற்பதை நெருங்கிவிடுவீர்கள். தெரிந்தே இறங்குங்கள்.

இரண்டு இடத்துக்கும் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். முதல் ஆண்டு கட்டாயப் பாடங்களை அடுத்த பருவத்தில் யார் நடத்துகிறார்கள்? பட்டியலில் முதலில் இருக்கும் பிரபலப் பேராசிரியர் முதுகலை வகுப்புக்கே வராமல் இருக்கலாம். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு கிராஜுவேட் அசிஸ்டென்ட்ஷிப் கிடைத்தது? வாரம் 20 மணி நேர வேலைக்குக் கட்டணச் சலுகையும் மாதச் சம்பளமும் தரும் இந்த இடம், கல்லூரி விளையாட்டுத் துறையிலேயே கிடைத்தால் செலவுக் கணக்கு தலைகீழாக மாறிவிடும். மூன்றாவது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டு எண் என்ன? விளையாட்டு நிர்வாகத்துக்கான வழக்கமான எண் 31.0504. அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளின் பட்டியலில் இல்லை. படித்தபின் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதத்துக்குத்தான் கிடைக்கும், ஸ்டெம் படிப்புகளுக்கு உள்ள கூடுதல் 24 மாதம் கிடையாது. புள்ளிவிவரப் பகுப்பாய்வை மையமாக வைத்த சில படிப்புகள் வேறு எண்ணில் பதிவாகியிருக்கும், அதனால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

பதில் வரும்வரை அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டாம். உதவித்தொகையோடு வந்த அழைப்பு என்றால், பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கும் ஒப்பந்தப்படி ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. உதவித்தொகை இல்லாத இடத்துக்கு அந்தத் தேதி பொருந்தாது, உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் கெடுவைப் பாருங்கள்.