சார்ஜரை விடுங்கள், சீசன் டிக்கெட் எடுங்கள்

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் தினமும் பைக்கில் கிண்டிக்குப் போய்வருகிறார், பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாசகியின் ஸ்கூட்டிக்கு 600, 700 தனி. போன ஈபி பில்லில் 540 யூனிட். மாமனார் நாள் முழுக்கச் செல்போன் சார்ஜரைப் பிடுங்கிவைப்பதும் லைட்டை அணைப்பதுமாக இருக்கிறார், அதில் தினமும் சண்டை. இப்போது வீட்டுக்காரர் கடனில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாம் என்கிறார். “எடுக்கலாமா? வேறு எதையெல்லாம் குறைப்பது?” என்பது கேள்வி.

இப்போதைக்கு ஸ்கூட்டர் வேண்டாம். மாமனார் சார்ஜரைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். அதனால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. ஒரு போனை முழுசாக சார்ஜ் செய்ய ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான். தினமும் செய்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் சொச்சம்.

பெட்ரோலில் இருந்தே ஆரம்பிப்போம், பெரிய ஓட்டை அங்கேதான். 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் முதல்முறையாக 100 ரூபாயைத் தாண்டியபோது எல்லாரும் பதறினோம், இப்போது பழகிவிட்டது. காலையில் குளிரில் போட்டால் அதிகம் கிடைக்கும், 100-க்குப் போடாமல் 110-க்குப் போடு என்றெல்லாம் சொல்வார்கள், நம்பவேண்டாம். பங்க் டேங்க் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. டயரில் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள், சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள், 40, 50-க்கு மேல் முறுக்காதீர்கள். இதனால் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். அப்புறம், இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் அதே அளவு பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் லேசாக இறங்கியிருந்தால் உடனே மெக்கானிக்கிடம் ஓடி எதையாவது மாற்றிக்கொண்டு வராதீர்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் அந்த 3,000 ரூபாய் 2,700 ஆகலாம். போக வர 55 கிலோமீட்டருக்கு மேல் ஒருவர் தனியாக ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஓட்டுவதுதான் செலவு, ஓட்டும் விதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுப் பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷன், போகும் இடத்திலும் ஸ்டேஷன். செகண்ட் கிளாஸ் மாத சீசன் மூன்று நான்கு லிட்டர் பெட்ரோல் விலைக்குள் முடிந்துவிடும். பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டாலும், கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தாலும், மாதம் 1,500 ரூபாயாவது கையில் நிற்கும். கூட்டம் இருக்கும்தான், செங்கல்பட்டு வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிறைந்துதான் வரும், உட்கார இடம் வேண்டும் என்றால் தாம்பரம் வரை பைக்கில் போய் அங்கே கிளம்பும் லோக்கலைப் பிடிக்கலாம், ஆனால் பெருங்களத்தூர் டிராஃபிக்கைத் தாண்டவேண்டும். எது தேவலை என்று அவரே முடிவு செய்யட்டும். தினமும் ரயிலில் போகவேண்டும் என்றுகூட இல்லை. வாரத்தில் நான்கு நாள் போனாலே சீசன் காசு வந்துவிடும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோசம் என்று சொல்லவில்லை. ஓடும் செலவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, 3 யூனிட் சார்ஜில் 80, 90 கிலோமீட்டர் ஓடும். ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன் வாங்கி மூன்று வருடத்தில் கட்டினால் மாதத் தவணையே 4,000 பக்கம் வரும். 3,000 ரூபாய் பெட்ரோலை மிச்சம் பிடிக்க 4,000 தவணையா? அவர் ரயிலுக்கு மாறிவிட்டால் மிச்சம் பிடிக்கப் பெட்ரோலும் பெரிதாக இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. அவர் ஓட்டும் தூரத்துக்கு இரண்டு மாதத்தில் 90, 100 யூனிட் சார்ஜுக்கே போகும், அதுவும் ஏற்கெனவே 540 காட்டும் உங்கள் மீட்டரிலேயே ஏறும்.

அந்த 540-க்கு வருவோம். 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்த குறைந்த விலையும் கையைவிட்டுப் போய்விடும். 540-ஐ 500-க்குள் கொண்டுவந்தால் ஒரு பில்லில் 500 ரூபாய்க்கு மேல் குறையும்.

கொண்டுவருவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஹால் ஃபேன் பழையது என்றால் 75 வாட் இருக்கும். மாமனார் வீட்டிலேயே இருப்பதால் நாளைக்கு 15 மணி நேரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும், 27 யூனிட்தான். ஒரே ஃபேனில் 40 யூனிட் போயிற்று. விலை 3,000 பக்கம், எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், அதிகம் சுற்றுவதை மட்டும் முதலில் மாற்றுங்கள். அடுத்து செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் ஓடுகிற மாதிரியே கரண்ட் இழுக்கும், சுவர் சுவிட்சில் அணைத்தால் இன்னொரு 10 யூனிட் குறையும். மாமனாருக்கு இந்த வேலையைக் கொடுங்கள், சார்ஜரைவிட இதில் பலன் இருக்கிறது.

ஏசியைத் தொடாமலேயே 490-க்கு வந்துவிட்டீர்கள். வெயில் காலத்தில் இது போதாது, அப்போது ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் லேசாகப் போடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். கீசரை அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட். இந்த ஊர் வெயிலில் அதுவும் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை, சரி, அது உங்கள் விருப்பம். ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்கள், 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்சமிருக்கும் மாதத்தில் கையை இறுக்கலாம்.

வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டர் வேண்டாம் என்று நேராகச் சொல்லாதீர்கள், மனுஷன் முறுக்கிக்கொள்வார். ஒரு மாத சீசன் மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை வேண்டாம், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே பைக்கைத் திருப்பிவிடுவார். புதன்கிழமை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.